தண்ணி பைப்புல காத்தா?

சென்னையில வியாசர்பாடி, மாதவரம் பக்கம் எந்தப் பட்டறைக்குள்ள நுழைஞ்சாலும் இதே கூத்துதான். காத்தை அமுக்கித் தர்ற கம்ப்ரசர் வாங்கக் காசு இருக்கும். அதுல ஓஸை மாட்டுற பித்தளை நிப்பிள் வாங்க மட்டும் இருக்காது! பிவிசி பைப்பை லைட்டர்ல காய்ச்சி, வாயை விரிச்சு, ஓஸைச் சொருகி, கிளிப் போட்டு, மேல எம்-சீல் பசை. முடிஞ்சுது ஃபிட்டிங்!

கேட்டா, "பைப்புல 10 கிலோ பிரஷர் தாங்கும்னு போட்டிருக்கே, நம்ம லைன் 8 கிலோதானே?" அய்யா, அது தண்ணிக்குப் போட்ட கணக்கு. அதுவும் 27 டிகிரிக்கு. நம்ம ஊர் தகரக் கூரைக்குக் கீழ 27 டிகிரி எந்த மாசத்துல வருது? கம்ப்ரசர்ல இருந்து வர்ற காத்தே கொதிக்கும். 60 டிகிரியைத் தொட்டா பிவிசியோட பலத்துல கால்வாசிகூட மிஞ்சாது. நெருப்பு காட்டி விரிச்ச இடம் வேற ஏற்கெனவே மெலிஞ்சு கிடக்கு. போதாததுக்கு ஆயில் கசிவு, மோட்டார் அதிர்வு.

தண்ணி லைன் உடைஞ்சா சட்டை நனையும். காத்து அப்படியா? அமுக்கி வெச்ச ஸ்பிரிங் அது. விட்டா பைப்பு சில்லு சில்லா பறக்கும். கண்ணுல ஏறுன பிளாஸ்டிக் சில்லு எக்ஸ்-ரேயில கூட சரியாத் தெரியாது.

"ஆறு மாசமா ஓடுதே"யாம். சோப்புத் தண்ணி தடவினா காத்து கசிஞ்சு நுரை பொங்குது. அதுக்கு வைத்தியம்? மேல இன்னொரு சுத்து டேப்!