புள்ளி மறைந்துவிட்டது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்

இன்று காலை தொலைபேசியில் கேட்ட மூன்று வாக்கியங்கள் இந்த இரவு வரை என் காதை விட்டு அகலவில்லை. "புள்ளியெல்லாம் போயிடுச்சா? நான்தான் அன்னைக்கே சொன்னேனே, வெறும் ஸ்ட்ரெஸ்தான்னு. அந்த விஷத்தை நிறுத்திட்டு மீனைப் பெரிய தொட்டியில விடுங்க." பேசியவர் எனக்கு அந்த மீனை விற்றவர். விஷம் என்று அவர் சொன்னது, வெண்புள்ளி நோய்க்காக நான் மீனின் தண்ணீரில் கலந்துவரும் காப்பர் (செம்பு) மருந்தை. கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் எவரும் இந்த மூன்று வாக்கியங்களையும் ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். பலர் அவற்றை நம்பி, பிறகு தொட்டியில் செத்த மீன்களை ஒவ்வொன்றாக வலையில் அள்ளி வெளியே எடுத்திருப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன்.

மீன் ஒரு பவுடர் ப்ளூ டேங், வெளிர்நீலக் கடல்மீன். வெண்புள்ளி நோய் இந்த இனத்தைப் போல் எளிதில் பற்றும் மீன்கள் குறைவு என்பது இந்தப் பொழுதுபோக்கில் ஒரு வருடம் இருந்தவருக்கும் தெரியும், அதை நாள்தோறும் விற்பவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? வாங்கி வந்த அன்றே அதைத் தனிமைத் தொட்டியில் விட்டேன். மறுநாள் மாலை அதன் வால் துடுப்பிலும் முதுகுத் துடுப்பிலும் பதினொரு வெண்புள்ளிகளை எண்ணினேன். உப்புத்தூளைத் தூவியது போல, ஒவ்வொன்றும் தனித்தனியாக, சற்றே மேடாக இருந்தன. உடம்பைப் பிவிசி குழாயின் விளிம்பில் உரசிக்கொண்டே இருந்தது. அன்றே அவரை அழைத்தேன், "ஸ்ட்ரெஸ்" என்றார். இன்று ஏழாம் நாள். மீனின் மேல் ஒரு புள்ளியும் இல்லை. அதைத்தான் அவர் தம் வெற்றியாகக் கொண்டாடுகிறார்.

"நான்தான் சொன்னேனே" என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் காலையிலிருந்து அதைத்தான் நூறு முறை மனத்துக்குள் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் இருந்த நிறைவு என்னைக் கொதிக்க வைக்கிறது. சோறு வெந்துவிட்டதா என்று பானையைத் திறந்து பார்த்துச் சொல்வது போன்ற நிம்மதியான குரல். அந்தக் குரலுக்கு உரியவர் அந்தப் புள்ளி எங்கே போனது என்று வாழ்நாளில் ஒரு முறையாவது கேட்டுக்கொண்டதுண்டா? புள்ளி என்பது தோலின் மேல் தோன்றி மறையும் தடிப்பு அல்ல. அது ஓர் உயிர். கிரிப்டோகேரியான் இரிட்டான்ஸ் என்ற பெயருடைய ஒற்றைச் செல் ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்துகொண்டு, அங்கேயே சுழன்று சுழன்று திசுவைத் தின்று பருக்கிறது. அந்தப் பருத்த உடல்தான் நம் கண்ணுக்குத் தெரியும் புள்ளி. மூன்று நாளிலிருந்து ஏழு நாளுக்குள் அதற்கு வயிறு நிறைந்துவிடும். நிறைந்ததும் அது மீனை விட்டுத் தானாகவே உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொண்டு உள்ளே பிளந்து பெருகத் தொடங்கும். ஒரு கூட்டிலிருந்து இருநூறு குஞ்சுகள் வரை வெளிவரும், சில நேரம் அதற்கும் மேல். ஆகவே புள்ளி மறையும் நாள் நோய் நீங்கிய நாள் அல்ல. ஒன்று இருநூறாகும் வேலை தொடங்கிய நாள். மருந்தே தொடாவிட்டாலும் அந்தப் பதினொரு புள்ளிகளும் இந்த வாரம் மறைந்துதான் இருக்கும். இதைத்தான் இவர் முன்கூட்டியே கணித்துச் சொன்னதாக நினைத்து மகிழ்கிறார்.

இந்த உயிரின் தந்திரமே நம்மை மகிழ வைப்பதுதான். மூன்றாம் நாள் புள்ளி, ஆறாம் நாள் சுத்தம், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் ஒரு காலையில் விளக்கைப் போட்டால் அந்த ஒரு மீனில் மட்டுமல்ல, தொட்டியில் வருடக்கணக்காக நலமாயிருந்த எல்லா மீன்களிலும் நூறு நூறாகப் புள்ளிகள். அந்தக் காலையை நான் பார்த்திருக்கிறேன். முன்பொரு முறை வேறொருவர் இதே வாக்கியத்தை இதே குரலில் சொன்னார். நம்பிப் பெரிய தொட்டியில் விட்டேன். ஐந்து மீன்களில் மூன்று போயின. மிஞ்சிய இரண்டைப் பிடிக்க, பல மாதமாக அடுக்கிய பாறைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர்த்து வாளிகளில் போட வேண்டியதாயிற்று. கடைசியாகப் பிடிபட்ட கோமாளி மீன், செவுள்களை விரித்து மூச்சு வாங்கியபடி, நான் வழக்கமாக உணவு போடும் மூலைக்குத் தானாகவே வந்து நின்றது. அதற்குப் பசி என்று இன்று வரை என்னால் நினைக்க முடியவில்லை.

இரண்டாவது வாக்கியம், "வெறும் ஸ்ட்ரெஸ்". மீனுக்கு மன அழுத்தம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. பிளாஸ்டிக் பைக்குள் மணிக்கணக்காக அடைபட்டு வருகிறது. அது விட்ட மூச்சில் கரியமில வாயு சேர்ந்து நீரின் காரத்தன்மை குறைகிறது. அது கழித்த அம்மோனியா அந்தக் குறைந்த காரத்தன்மையால்தான் அவ்வளவு நேரம் அதைக் கொல்லாமல் இருக்கிறது. பையைத் திறந்து காற்றுப் பட்டதும் அதே அம்மோனியா நஞ்சாகிறது. இத்தனையும் பட்ட உயிருக்கு எதிர்ப்புச் சக்தி குறையத்தான் செய்யும். ஆனால் குறைந்த எதிர்ப்புச் சக்தி கதவைத் திறந்து வைக்குமே தவிர, கதவு வழியாக வருபவனைப் படைக்காது. ஒட்டுண்ணி எங்கிருந்தோ வந்தாக வேண்டும். என் வீட்டுத் தனிமைத் தொட்டி வெறும் கண்ணாடி. மணல் இல்லை, பாறை இல்லை, அதற்கு முன் அதில் ஒரு மீனும் இல்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் தப்பிப்பதற்காகத்தான் அந்தச் சொல் இருக்கிறது. "ஸ்ட்ரெஸ்" என்று சொன்னால் குற்றம் பயணத்தினுடையது, வாங்கியவர் வீட்டினுடையது, மீனினுடையது. விற்றவரின் தொட்டி மட்டும் சுத்தமாகிவிடுகிறது.

மூன்றாவது வாக்கியம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. "அந்த விஷத்தை நிறுத்துங்க." ஆம், காப்பர் விஷம்தான். பவளங்களையும் இறால்களையும் நத்தைகளையும் அது கொல்லும். பாறையும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் வெறுந்தொட்டியில் தனியாக வைத்து மருத்துவம் செய்கிறோம். அந்த விஷம் தோலுக்கடியில் இருக்கும் ஒட்டுண்ணியைத் தொடாது, கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. கூட்டை உடைத்துக்கொண்டு மீனைத் தேடி நீந்தும் அந்தச் சில மணி நேரத்தில் மட்டும்தான் அதைக் கொல்ல முடியும். எல்லாக் கூடுகளும் ஒரே நாளில் உடைவதில்லை. சில மூன்றாம் நாளே, சில நான்கு வாரம் கழித்து. ஆகவே சாதாரணக் காப்பராக இருந்தால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற அந்த ஒற்றையடிப் பாதையில், கூடினால் மீனுக்கு ஆபத்து, குறைந்தால் ஒட்டுண்ணிக்கு வாழ்வு என்ற நிலையில், முப்பது நாள் இடைவிடாமல் நடக்க வேண்டும். ஒரு நாள் அளவு குறைந்தாலும் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து. அளவை மெல்ல மெல்ல ஏற்றி, நேற்று முன்தினம்தான் உரிய இடத்துக்குக் கொண்டுவந்தேன். மூன்றாம் நாளில் நிற்கிறேன். இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது. புள்ளி மறைந்திருக்கும் இந்த நேரத்தில்தான் மருந்து தண்ணீரில் இருந்தாக வேண்டும். இந்த நேரம் பார்த்துத்தான் அதை நிறுத்தச் சொல்கிறார்.

அவர் பரிந்துரைத்த மாற்று வழிகளையும் சொல்லிவிடுகிறேன். உணவில் பூண்டுச் சாறு: மீன் ஆவலுடன் சாப்பிடலாம், ஒட்டுண்ணிக்கு ஒன்றும் ஆகாது. சுத்தம் செய்யும் இறால் வாங்கி விடுவது: தோலுக்கு அடியில் புதைந்திருப்பதை அது எப்படி எடுக்கும்? வெப்பத்தை ஏற்றுவது: அது நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளிக்கான வைத்தியம், அந்த ஒட்டுண்ணி வேறு, இது வேறு, பெயரும் புள்ளியும் மட்டும்தான் ஒன்று. கடல்நீரில் சூட்டைக் கூட்டினால், ஏற்கனவே செவுள் அரிக்கப்பட்டு மூச்சுக்குத் தவிக்கும் மீனுக்கு இருக்கிற ஆக்சிஜனும் குறையும். கடைசியாக, பவளத்துக்கும் இறாலுக்கும் ஒன்றும் செய்யாது என்று எழுதியிருக்கும் ஒரு புட்டி. அவற்றையெல்லாம் ஒன்றும் செய்யாத திரவம் ஒட்டுண்ணியை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்லும் என்று எதை வைத்து நம்பச் சொல்கிறார்கள் என்று இன்று வரை எனக்கு யாரும் விளக்கியதில்லை.

தனிமைத் தொட்டி வைத்திருப்பது சுகமான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் அதன் அருகில் நின்று பார்க்கட்டும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்கள், நடுவில் அச்சத்துடன் சுற்றிவரும் ஒரு மீன். அம்மோனியா ஏறினால் அதைக் கட்டும் சில திரவங்களைக் காப்பருடன் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் காப்பரே மீனைக் கொன்றுவிடும். எனவே தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு காப்பரை முன்கூட்டியே கலந்து, சூட்டையும் உப்பையும் சரிபார்த்து ஊற்ற வேண்டும். பிறகு சோதனை. அந்தச் சோதனைப் பெட்டியோடு வரும் நிற அட்டையை வடிவமைத்தவர் என் முன் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: 0.15க்கும் 0.25க்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு நீலங்களுக்கும் என்ன வித்தியாசம்? ஜன்னல் அருகே ஒரு எண், விளக்கின் கீழ் வேறு எண், வீட்டில் மற்றவரிடம் காட்டினால் மூன்றாவது எண். ஓர் உயிர் பிழைப்பதா சாவதா என்பதை இரண்டு வெளிர்நீலங்களுக்கு நடுவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் என் மீனைப் பற்றியது மட்டுமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு முப்பது நாளையும் கடத்தியிருப்பேன். அதே நாள், அதே தொட்டியிலிருந்து, அதே இன மீன் ஒன்றை என் நண்பரும் வாங்கினார். தனிமைத் தொட்டி தேவையில்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. நேராகப் பெரிய தொட்டியில் விட்டார். பவளங்களும் இறால்களும் ஆறு மீன்களும் இருக்கும் தொட்டி. இரண்டாம் நாள் புள்ளி வந்தது. அழைத்துக் கேட்டார், "ஸ்ட்ரெஸ்" என்ற பதில் கிடைத்தது. நேற்றுப் புள்ளி மறைந்தது. இன்று மாலை என்னை அழைத்து, "நீங்க வீணா பயமுறுத்தினீங்க, பாருங்க, சுத்தமா இருக்கு" என்றார். அவர் குரலிலும் காலையில் கேட்ட அதே நிறைவு.

ஒரு மணி நேரம் பேசினேன். கூடு, மணல், இருநூறு, எல்லாம் சொன்னேன். இப்போதே ஏழு மீன்களையும் வெளியே எடுத்தால் எல்லாம் பிழைக்கலாம், தொட்டியை மீனில்லாமல் 76 நாள் காலியாக விட்டால் மணலிலிருக்கும் கடைசிக் கூடும் உடைந்து, பற்றிக்கொள்ள உடல் கிடைக்காமல் குஞ்சுகள் செத்துவிடும் என்றேன். 72 நாள் காத்திருந்து உடைந்த கூடும் பதிவாகியிருக்கிறது, அதனால்தான் அந்தக் கணக்கு என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புள்ளியே இல்லாத மீனுக்காக பாறையை எல்லாம் பேர்க்கச் சொல்றீங்களா?" என்றார். என்னிடம் பதில் இருந்தது, காட்டுவதற்குச் சான்று இல்லை. சான்று அவர் தொட்டியின் மணலில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். அது தெரியும் நாளில் என் பேச்சால் எந்தப் பயனும் இருக்காது.

இதை எழுதும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. இந்த ஒட்டுண்ணி கூட்டை விட்டு வெளியேறுவது பெரும்பாலும் இருளில்தான், மீன்கள் பாறை இடுக்கில் அசையாமல் உறங்கிக் கிடக்கும் நேரத்தில். நண்பர் வீட்டில் இப்போது விளக்கு அணைந்திருக்கும். பழைய தொட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, ஹீட்டரையும் ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் குழாய்களையும் அதற்குள் போட்டு வாசலருகே வைத்திருக்கிறேன். விடிந்ததும் எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் கேட்கப் போகிறேன். அதற்கு முன் என் மீனுக்குக் காப்பர் அளவை இன்னொரு முறை பார்க்க வேண்டும், அந்த இரண்டு நீலங்களும் காத்திருக்கின்றன.