கொலம்பஸில் ஏற மறுத்த அந்தப் பையனுக்காக

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு சித்திரைப் பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிற கப்பல், அந்தக் கொலம்பஸ் ராட்டினத்துக்குக் கீழே வரிசையில் நின்ற ஒரு பையன் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறான். ஒன்பது, பத்து வயது இருக்கும். தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வேணாம்ப்பா, வாந்தி வரும்ப்பா" என்று அழுதுகொண்டிருந்தான். அப்பா விடவில்லை. "ஆம்பளப் பிள்ளையாடா நீ? உன் தங்கச்சி ஏறுறா பாரு" என்று கையைப் பிரித்து இழுத்துப் போய் உட்கார வைத்தார். கப்பல் நின்று இறங்கும்போது பையனின் சட்டை முழுக்க வாந்தி. அப்பா திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைப் பையன் பார்த்தான்.

அவன் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் சித்தப்பா எங்களையெல்லாம் தமுக்கம் மைதானத்துக்குப் பொருட்காட்சி பார்க்கக் கூட்டி வந்தார். மதுரை வந்து இறங்குவதற்குள் பஸ்ஸிலேயே எனக்கு முகம் வெளிறிவிட்டது. அந்த வயிற்றோடு கொலம்பஸில் ஏற்றினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் கொமட்ட ஆரம்பித்தது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அன்றிலிருந்து கல்யாணமாகிப் போகிற வரைக்கும் வீட்டில் எனக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி.

இத்தனைக்கும் தோட்டத்துக் கிணற்றில் மேட்டிலிருந்து குதித்து நீச்சல் படித்தவள் நான். எங்கள் தெருவில் அப்படிக் குதித்த பெண்பிள்ளைகள் இரண்டே பேர். உயரமும் ஆழமும் என்னை ஒன்றும் செய்ததில்லை. ஆனால் கொடைக்கானல் பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் டம்டம் பாறை வருவதற்குள் கேரிபேக் தேடுவேன். இது இரண்டும் வேறு வேறு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பயத்தில் நெஞ்சு அடிக்கும், கை வேர்க்கும், ராட்டினம் நின்றதும் போய்விடும். குமட்டலோ ராட்டினம் நின்ற பிறகும் போகாது. கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, குளிர்ந்த வியர்வை, அப்புறம் வயிற்றைப் புரட்டுவது என்று வந்து, ராத்திரிச் சாப்பாட்டையும் கெடுத்துவிட்டுத்தான் போகும். பயத்தைத் தைரியத்தால் அடக்கலாம். குமட்டலைத் தைரியத்தால் என்ன செய்ய முடியும்?

நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் என் உடம்பில் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளப் பல வருடங்களாகப் படித்திருக்கிறேன்.

காதுக்குள், செவிப்பறையையும் தாண்டி உள்ளே எலும்புக்குள் இருக்கிறது உட்செவி. அதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். தலை திரும்பினால் குழாயும் கூடவே திரும்பும். உள்ளே இருக்கும் திரவம் மட்டும் கொஞ்சம் பின்தங்கும், பஸ்ஸை வெடுக்கென்று எடுத்தால் நின்றுகொண்டிருப்பவர்கள் பின்னால் சாய்கிற மாதிரி. அந்தப் பின்தங்கலை வைத்துத்தான் நாம் திரும்புகிறோம் என்று மூளைக்குத் தெரிகிறது. பக்கத்திலேயே சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு சின்னப் பைகள் உண்டு. மேலே, கீழே, முன்னே, பின்னே போவதை அவை சொல்லும். கண் ஒன்று சொல்லி, காது வேறொன்று சொன்னால் மூளை குழம்புகிறது, வயிறு புரள்கிறது. மலைப்பாதையில் செல்போன் பார்த்தால் சீக்கிரம் வாந்தி வருவது இதனால்தான். டிரைவருக்கு வராததும் இதனால்தான், அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்னாலேயே தெரியும். இரண்டு காதிலும் இந்தச் சமநிலை உறுப்பு முழுதாகச் செயலிழந்தவர்களுக்குப் பயண வாந்தியே வருவதில்லை. கண் தெரியாதவர்களுக்கோ வருகிறது. கண்ணை மூடிக்கொண்டால் சரியாகிவிடும் என்கிறார்களே, அது பாதிதான் உண்மை.

1961-ல் விண்வெளிக்குப் போன ரஷ்ய வீரர் கெர்மன் டிட்டோவ் அங்கே வாந்தி எடுத்தார். போர் விமானி. வயது 25. விண்வெளிக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் சில நாட்கள் இந்தத் தொந்தரவு இருக்கிறது. சார்லஸ் டார்வின் 1831-லிருந்து 1836 வரை உலகத்தைக் கப்பலில் சுற்றி வந்தாரே, அந்த ஐந்து வருடமும் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. இவர்களை யாராவது பயந்தாங்கொள்ளி என்று சொல்வார்களா?

கொலம்பஸுக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு எல்லாம் புரிந்தது அங்கேதான். பிளஸ் ஒன்னில் தனி ஊசல் பாடம் இருக்கிறது. ஊசலின் நீளம் தெரிந்தால் அது ஒரு தடவை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சொல்லிவிடலாம். 10 மீட்டர் நீளம் என்றால் 6 விநாடிக்குக் கொஞ்சம் மேலே. தொங்குகிற பொருளின் எடைக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை. கொலம்பஸும் ஒரு பெரிய ஊசல்தான். கீழே ஒரு டயரைச் சுழல விட்டுக் கப்பலை உந்தி விடுகிறார்கள், அவ்வளவுதான் இயந்திரம். ஒரு வருடம் நான் கீழே நின்று செல்போனில் நேரம் எடுத்தேன். 10 ஆட்டத்துக்கு 64 விநாடி, அதாவது ஒரு தடவை போய்த் திரும்ப 6.4 விநாடி.

கப்பல் பயணிகளுக்கு ஏன் வாந்தி வருகிறது என்று நடந்த ஆய்வுகளில் தெரிந்தது இது: சுமார் 5 விநாடிக்கு ஒரு தடவை, அதாவது 0.2 ஹெர்ட்ஸ் அளவில், மேலும் கீழும் அசைகிற அசைவுதான் மனிதருக்கு அதிகமாகக் குமட்டுகிறது. வேகமாகக் குலுங்கினால் அவ்வளவு இல்லை. கல் பெயர்ந்த ரோட்டில் பைக்கில் போனால் இடுப்பு ஒடிகிறது, வாந்தி வருவதில்லை. 64 விநாடி என்று குறித்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஐந்தாம் வகுப்பில் என்னை உட்கார வைத்தது ஏறக்குறைய அந்தக் கணக்கில் ஆடுகிற கப்பலில்தான். மூன்று நான்கு நிமிடம். அதுவும் ஆட்டம் அதிகமாக இருக்கிற கடைசி வரிசையில்.

அதற்கப்புறம் ராட்டினங்களைப் பார்க்கிற பார்வையே எனக்கு மாறிவிட்டது. எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், எத்தனை பேர் அலறுகிறார்கள் என்பதை வைத்துத்தான் எல்லோரும் முடிவு செய்கிறார்கள். நான் அது எப்படி அசைகிறது என்று பார்க்கிறேன். மெதுவாக ஆடுகிறதா, சுற்றுகிறதா, சுற்றிக்கொண்டே சாய்கிறதா, எத்தனை நிமிடம் ஓடுகிறது?

போன வருடம் மே மாதம் அண்ணன் குடும்பத்தோடு கொச்சிப் பக்கம் ஒரு பெரிய பார்க்குக்குப் போனோம். குமுளி வழியாக ஏறி, பீர்மேடு தாண்டி முண்டக்கயத்துக்கு இறங்குவதற்குள்ளேயே என் வயிறு போய்விடும். ஒரு தடவை கொமட்டிவிட்டால் அது தணியப் பல மணி நேரம் ஆகும், அந்த நிலையில் எந்த ராட்டினத்தில் ஏறினாலும் கதை முடிந்தது. அதனால் முதல் நாளே போய்த் தங்கலாம் என்று பிடிவாதமாகச் சொன்னேன். அண்ணன் செலவு ஆகும் என்று முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

மறுநாள் பார்க்கில் ரோலர் கோஸ்டர் முன்னால் மதனி வழக்கம்போல, "நீ கீழயே இரு தாயி, பையைப் பாத்துக்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எத்தனையோ வருடமாக எல்லோருடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்கிற ஆள் நான்தானே. அன்றைக்கு மட்டும், "கொஞ்சம் இருங்க மதனி, நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து தடவை அது ஓடுவதைப் பார்த்தேன். பெட்டி கிளம்பி வந்து நிற்க ஒன்றரை நிமிடம். மெதுவான ஆட்டம் கிடையாது. தண்டவாளம் முன்னால் தெரிகிறது, எந்தப் பக்கம் வளையும் என்று கண் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். தலைகீழாகப் போவது பயமாக இருக்கும், சரி. பயம் எனக்குப் பழக்கம்தான், கிணற்று மேட்டில் பார்த்ததுதான்.

ஏறினேன். நடு வரிசை. தலையைச் சாய்வில் அழுத்தி வைத்துக்கொண்டேன், கண்ணை மூடவில்லை, தண்டவாளத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. மேலே ஏறும்போது தொண்டை காய்ந்துவிட்டது. விழும்போது நானும் கத்தினேன். இறங்கிய பிறகு கால் நடுங்கியது, வயிறு அமைதியாக இருந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு ஒரு ராட்டினத்தில் கிடைத்ததே இல்லை. மதனி கையைப் பிடித்துக்கொண்டார், இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

அரை மணி நேரம் கழித்து, சின்னப் பிள்ளைகள் ஏறுகிற கப் அண்ட் சாசரில் மகளோடு உட்கார்ந்தேன். தரையிலிருந்து இரண்டடி உயரம்கூட இல்லை. தட்டு ஒரு சுற்று, அதன் மேல் கப் ஒரு சுற்று. மகள் பக்கம் குனிந்து பேசினேன். சுற்றும்போது தலையைச் சாய்த்தால் மூன்று குழாயும் மூன்று விதமாகச் சொல்லும் என்று படித்திருக்கிறேன், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. இறங்கி ஒரு மரத்தடியில் மதியம் வரை படுத்தே கிடந்தேன். பெரியது எது, சின்னது எது என்று பார்க்கிறவர்களுக்கு இது தலைகீழாகத்தான் தோன்றும். என் காதுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தயார் செய்துகொள்வது பற்றிக் கேட்பீர்கள். கறிதோசையும் ஜிகர்தண்டாவும் முடித்துவிட்டு ஏறாதீர்கள், அதே போல வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். எலுமிச்சம்பழம் முகர்வது, இஞ்சி மரப்பா இதெல்லாம் எனக்குக் கொஞ்சம் உதவுகிறது, எல்லோருக்கும் உதவும் என்று சொல்ல மாட்டேன். அவோமின் போன்ற மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்னால் போட்டால் நன்றாக வேலை செய்யும், குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் அவ்வளவு பயன் இருக்காது. தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அந்த மருந்து கூடவே கூடாது. டாக்டரிடம் கேட்டுவிட்டே போடுங்கள். சாதாரண வாந்திக்கு என்று பல வீடுகளில் வைத்திருக்கிற ஓண்டான்செட்ரான் பயண வாந்திக்கு உதவுவதில்லை. கர்ப்பிணிகள், இருதயக் கோளாறு, கழுத்து, முதுகுத் தொந்தரவு உள்ளவர்கள் இந்தப் பேச்சுக்கே வர வேண்டாம்.

அப்புறம், அப்பாக்களிடமும் சித்தப்பாக்களிடமும் ஒன்று கேட்கிறேன். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் இந்தத் தொந்தரவு அதிகம். வளர வளரப் பல பேருக்குக் குறைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினாலும் குறையும். ஊஞ்சல், பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் முன் சீட்டு, அப்புறம் மலைப்பாதை என்று பழக்கலாம். ஒரே நாளில் கொலம்பஸின் கடைசி வரிசையில் உட்கார வைத்துப் பழக்க முடியாது. வாந்தி வரும் என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். அதன் காதுக்குள் நடப்பது அதற்குத்தான் தெரியும். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்பதெல்லாம் ஒரு காரணமா? அந்தக் காசு போனால் போகட்டும். ஏறச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கீழே நின்று சேர்ந்து பாருங்கள், நடு வரிசை கேளுங்கள், முடிவை மட்டும் அதனிடம் விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனும் அவன் அப்பாவும் போன பிறகு என் மகள் கொலம்பஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் என் வயிறுதான். செல்போனை வாங்கி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே நேரம் எடுத்தாள். "அம்மா, பத்துக்கு 62 வருது." கொஞ்ச நேரம் யோசித்தாள். "இந்த வருசம் வேணாம்மா. அடுத்த வருசம் நடுவுல உக்காந்து பாக்குறேன்" என்றாள். சரி என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு டெல்லி அப்பளக் கடைப் பக்கம் நடந்தோம்.