அந்த ஜன்னலில் கறுப்பு ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னது யார்?

தஞ்சாவூரில் பார் நடத்துகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. ஜன்னல் என்று ஒன்றை எதற்கய்யா வைக்கிறீர்கள்? ஆளுயரத்துக்குக் கண்ணாடி போடவேண்டியது, அதன்மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டியது, அதற்கும் மேல் திரை தொங்கவிடவேண்டியது. செங்கல் வைத்து அடைத்திருந்தால் செலவாவது மிச்சமாகியிருக்கும். நேற்று ராத்திரி வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. தூக்கம் வரவில்லை. எழுதித் தீர்த்துவிட்டால் வருமா பார்க்கிறேன்.

கூடப் படித்தவன் ஒருத்தன் மனைவியோடு பெங்களூரிலிருந்து வந்திருந்தான். முதலில் பாண்டிச்சேரி, அப்புறம் இங்கே. பாண்டியில் ஒரு மொட்டை மாடியில் ஆளுக்கு ஒரு பீரை வைத்துக்கொண்டு, கீழே தெருவில் போகிறவர்களைப் பார்த்தபடியே ஒரு சாயங்காலத்தைக் கழித்திருக்கிறார்கள். அந்த ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள். ஊரே இறங்கி நடக்கும். பார்க்கப் பார்க்க அலுக்காது. அதே நினைப்பில், பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் கேட்டான்: “இங்க அந்த மாதிரி எங்கடா உட்காரலாம்?”

என்ன சொல்வது அவனுக்கு? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஒயின்ஷாப்பை ஒட்டின பாருக்கு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகமுடியாது. ஆணே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். தகரக் கூரை, காலுக்கடியில் மிதிபட்ட தண்ணீர் பாக்கெட், நசுங்கின பிளாஸ்டிக் கிளாஸ், மூலையில் கழுவாத ஒரு தொட்டி. அந்த பார்களை ஏலம் விடுவதே தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும்தான். சுண்டலுக்குக் கணக்கு உண்டு, பாட்டிலுக்குக் கணக்கு உண்டு. காசு கொடுத்து வந்து உட்காருகிற மனிதன் அந்தக் கணக்கிலேயே வரமாட்டான். சரி, அதை விட்டால் ஹோட்டல் பார். ஆகவே ஹோட்டல் பார்.

கோயிலிலிருந்து அதிக தூரமில்லை. பெயர் வேண்டாம். முதல் மாடி. கதவைத் திறந்தால் ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஓர் இருட்டு. எங்கோ ஒரு நீல பல்பு மட்டும் எரிகிறது. டிவியில் பாட்டு அலறுகிறது. ஏசி எலும்பைத் துளைக்கிறது. உள்ளே இருந்த அத்தனை தலையும் ஒரே சமயத்தில் நண்பனின் மனைவி பக்கம் திரும்பியது. சூப்பர்வைசர் ஓடிவந்து, “லேடீஸ் இருக்காங்க சார், கேபினுக்குப் போயிடுங்க” என்றார். கேபின் என்றால் மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் திரை. மனிதர்களைப் பார்க்கலாம் என்று வந்தவர்களுக்குப் பலகையைக் காட்டுகிறார். மாட்டோம் என்று சொல்லி, ஜன்னலோரத்து மேஜைதான் வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்தோம்.

மெனுவை செல்போன் டார்ச் அடித்துத்தான் படிக்கவேண்டியிருந்தது. அதில் இருந்த பீர் எதுவும் இல்லை. “ஸ்ட்ராங் மட்டும்தான் சார்.” லைட்? “யாரும் கேக்கிறதில்ல சார்.” நாங்கள் கேட்கிறோமே! கூலிங்காவது இருக்கிறதா? “இப்பதான் சார் வச்சோம்.” சரி, கொண்டு வாருங்கள் என்றோம். இதெல்லாம் பழகிப்போனதுதான். இதற்கெல்லாம் நான் ராத்திரியில் விழித்திருக்க மாட்டேன்.

திரையை ஒதுக்கினேன். கறுப்பு ஸ்டிக்கர். அதன் கீழ்மூலையில் கொஞ்சம் உரிந்து, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கண்ணாடி தெரிந்தது. நண்பனின் மனைவி குனிந்து அதன் வழியாகப் பார்த்தார். “அண்ணா, இங்கேருந்து கோபுரம் தெரியுது!” என்றார். நானும் பார்த்தேன். விளக்கு போட்ட விமானம், 216 அடி, அப்படியே நிற்கிறது. கீழே ரோட்டில் கறுப்பு வேட்டியில் ஐயப்ப சாமிகள், சிவப்புப் புடவையில் மேல்மருவத்தூர் பக்தைகள், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, தஞ்சாவூர்க் கதம்பத்தை முழம்போடுகிற ஓர் அம்மா. அத்தனையும் ஒரு காசு அளவு ஓட்டையில். மூன்று பேரும் மாறி மாறிக் குனிந்து பார்த்தோம். பெங்களூரிலிருந்து வந்தவர்கள், காசு கொடுத்துக் குடிக்க உட்கார்ந்தவர்கள், ஓட்டை வழியாகத் தஞ்சாவூரைப் பார்த்தார்கள்.

சூப்பர்வைசருக்கு அது பொறுக்கவில்லை.

வந்தார். “அப்படிப் பாக்காதீங்க சார்.” ஏன்? “வெளிய தெரியும்.” யாருக்குத் தெரியும்? “ரோட்ல போறவங்களுக்கு.” முதல் மாடியில் இருக்கிற, ஒரு ரூபாய்க் காசு அளவு ஓட்டைக்குள், இந்த இருட்டுக்குள், ரோட்டில் போகிறவர் அண்ணாந்து என்னத்தைப் பார்ப்பார் என்று கேட்டேன். “ரூல்ஸ் சார்” என்றார். எந்த ரூல்ஸ், காட்டுங்கள் என்றேன். “ஓனர் திட்டுவார் சார்” என்றார். ஐந்து வினாடியில் அரசாங்கம் ஓனராகிவிட்டது.

போனார். போனவர் பிரவுன் டேப்போடு திரும்பி வந்தார். எங்கள் மேஜைமேல், சைடிஷ் தட்டுக்கு மேலாகக் கையை நீட்டி, டேப்பை இழுத்தார். அந்த டேப் இழுபடும் சத்தம் டிவி பாட்டையும் மீறிக் கேட்டது. கத்தரி இல்லை. பல்லால் கடித்து அறுத்தார். ஓட்டைமேல் ஒட்டினார். கட்டைவிரலால் நாலு ஓரமும் தேய்த்து அழுத்தினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். திருப்தியில்லை. குறுக்கே இன்னொன்று ஒட்டினார். அப்புறம் செல்போன் டார்ச்சைப் போட்டு, அந்தக் கண்ணாடியின் மற்ற மூலைகளிலும் எங்கேயாவது உரிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். டார்ச் வெளிச்சத்தில்தான் மேஜையை முதல்முறையாகப் பார்த்தோம். முன்னால் உட்கார்ந்தவர்கள் சாப்பிட்ட காடை எலும்பு அங்கேயே கிடந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. எலும்பு கிடக்கலாம், மேஜை பிசுபிசுக்கலாம், பீர் வெதுவெதுவென்று வரலாம். வெளிச்சம் மட்டும் உள்ளே வரக்கூடாது!

நண்பன் “விடுடா” என்றான். நான் விடவில்லை. டேப்பை உரித்தேன். வெயிட்டர் பார்த்துவிட்டு அவரிடம் போய்ச் சொல்ல, அவர் மறுபடி வந்தார். “சார், புரிஞ்சுக்கங்க சார்.” எனக்குப் புரியவே இல்லை, நீங்கள் புரியவையுங்கள் என்றேன். “குடும்பத்தோட போறவங்க பாத்தா என்ன நினைப்பாங்க?” என்றார். இங்கே உட்கார்ந்திருப்பதும் குடும்பம்தான் என்றேன். புருஷன், பெண்டாட்டி, அவர்களுடைய சிநேகிதன். திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. சட்டப்படி 21 வயது வேண்டும், எங்களுக்கு அதைப்போல இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அவர் பதில் சொல்லவில்லை. திரையை இழுத்து மூடி, அதன் ஓரத்தை நாற்காலிக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனார். கடை விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பில் வந்தது.

“கோயில் ஊர்ல இதெல்லாம் தேவையா?” என்று சிலர் வருவீர்கள். வாருங்கள். 2003-லிருந்து இந்த மாநிலத்தில் சில்லறையில் சாராயம் விற்பது அரசாங்கம். பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்து ராத்திரி பத்துக்கு மூடுகிறார்கள். நகரத்தில் கோயிலுக்கும் கடைக்கும் நடுவே 50 மீட்டர் இருந்தால் போதும் என்று அதே அரசாங்கம்தான் விதி எழுதியிருக்கிறது. கோயில் ஊரில் குடி வேண்டாம் என்று யாரும் முடிவுசெய்யவில்லை. குடிக்கலாம், ஆனால் அசிங்கமாகத்தான் குடிக்கவேண்டும் என்று முடிவுசெய்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

ஒளித்துவைத்துக் குடிக்கவைத்தால் மனுஷன் திருடன் மாதிரித்தான் குடிப்பான். குவார்ட்டரை உடைத்து, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றி, நின்றபடியே ஒரே மடக்கு. எதற்கு அவசரம்? அந்த இடத்தில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாராலும் நிற்கமுடியாது என்பதால்தான். காற்றோட்டமாக, ரோட்டைப் பார்த்து நாற்காலி போட்டு, ஒரு லைட் பீரைக் கையில் கொடுத்தால் அதே ஆள் ஒரு மணி நேரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதிரே தெரிந்தவர்கள் போவார்கள், தன்னைப் பார்ப்பார்கள் என்ற எண்ணமே அவனை நிதானத்தில் வைத்திருக்கும். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எவனும் வேட்டி அவிழ விழமாட்டான். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியை அடிக்கிறவனை உருவாக்குவது இந்த இருட்டுதான் என்று நான் சத்தியமாக நம்புகிறேன். நாகூரைத் தாண்டி வாஞ்சூர் செக்போஸ்ட்டைக் கடந்தால் காரைக்கால். அங்கே பாட்டில் மலிவு என்று இந்தப் பக்கத்திலிருந்து போய், அவசரமாகக் குடித்துவிட்டு ராத்திரியில் பைக்கில் திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது நம் ஊருக்கு வராத பழக்கம் என்று பேசுகிறார்களே, பட்டினப்பாலையைப் பிரித்துப் பார்க்கட்டும். கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கிற வீட்டுக்கு வெளியே கொடி கட்டியிருந்தார்கள். முற்றத்தில் மணலைக் குவித்து, பூவைத் தூவி, மீனையும் இறைச்சியையும் பொரித்தார்கள், அந்தச் சத்தம் வாசலில் கேட்டது என்று இருக்கிறது. பலபேர் வந்துபோகிற வாசல் அது. கப்பலில் வந்த வேற்று நாட்டுக்காரர்கள் உள்ளூர்க்காரர்களோடு கலந்து வாழ்ந்த ஊர். காவிரி கடலில் சேருகிற இடத்தில், திறந்த முற்றத்தில், பூவுக்கு நடுவே. அந்த வம்சத்தில் வந்த நாம் பிரவுன் டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் 2018-ல் கஜா புயல் சாய்த்தது போக மிச்சமிருக்கிற தென்னையில் கள் இறக்கினால் குற்றம். 1987-லிருந்து தடை. மரத்தில் ஊறுவது கூடாது, ஆலையில் காய்ச்சினது கூடும். இதை யாராவது எனக்கு நியாயப்படுத்திக் காட்டுங்கள், காலில் விழுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய கோயிலை 1987-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். உலகமே வருகிறது. சாயங்காலம் கோயிலை விட்டு வெளியே வந்த பிறகு அந்த உலகத்துக்கு இந்த ஊரில் உட்கார ஓர் இடமில்லை. செல்ஃபி எடுத்துவிட்டு லாட்ஜ் ரூமுக்குப் போய் டிவி பார்க்கிறார்கள். பக்கத்திலேயே புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய் ஓடுகிறது. ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் கரையில் வீசும் காற்றுக்கு எந்த ஏசியும் ஈடாகாது. அந்தக் காற்றில் நாலு மூங்கில் நாற்காலி. குடிக்கிறவர்களுக்கு பீர், குடிக்காதவர்களுக்கு நன்னாரி சர்பத். ஒரு பெண் தனியாக வந்து உட்கார்ந்தாலும் யாரும் தலையைத் திருப்பாத இடம். கழுவின கழிப்பறை. அவ்வளவுதான். இதைச் செய்ய ஒரு நகரத்துக்கு எத்தனை வருஷம் வேண்டும்?

நேற்றைய கதை அத்தோடு முடியவில்லை. இருட்டை விட்டு இறங்கி வந்து, காபியாவது உருப்படியாகக் குடிப்போம் என்று ஒரு கடைக்குப் போனோம். “சர்க்கரை இல்லாமல் ஒன்று” என்று தெளிவாகச் சொன்னேன். கல்லாவில் இருந்தவரும் “சர்க்கரை இல்லாம ஒண்ணு” என்று மாஸ்டருக்குக் குரல் கொடுத்தார். வந்ததை வாயில் வைத்தால் இனிப்பு. கேட்டால், “கொஞ்சமாத்தான் சார் போட்டேன், சும்மா குடிச்சா கசக்குமே” என்கிறார். கசக்கட்டுமே! கசப்பு வேண்டும் என்றுதானே காபி கேட்டேன்? இல்லாமல் என்றால் கொஞ்சமாக என்று இந்த ஜில்லா முழுக்க யார் சொல்லிக்கொடுத்தது? வீட்டுக்கு வீடு சர்க்கரை வியாதிக்காரர்கள் இருக்கிற ஊரில், மாத்திரை போட்டுக்கொண்டு வருகிற பெரியவர்களுக்கும் இதே பதில்தானே சொல்வீர்கள்? டம்ளரைச் சாய்த்துக் காட்டினேன். அடியில் கரையாமல் விரல்கடை உயரத்துக்குச் சர்க்கரை நிற்கிறது. அது கொஞ்சமா?