விடுதலைப் பத்திரமாம்!

ஞாயித்துக்கிழமை சட்ட முகாம்ல ஒரு வக்கீல் பேசின கிளிப்ப எல்லாரும் பாத்துட்டீங்க, திரும்ப ஷேர் பண்ணல. அந்த வக்கீல் சார் பேரையும் போடல. ஆனா பெண்களுக்கு சட்ட விழிப்புணர்வுன்னு பேனர் கட்டி, டீ பிஸ்கட் குடுத்து, நூறு நாள் வேலைக்கு போற அக்காங்கள எல்லாம் கூட்டியாந்து உக்கார வெச்சுட்டு, "சொத்துல பங்கு கேட்டா கெடைக்கும்மா, ஆனா பொறந்த வீட்டு வாசல் மூடிக்கும், யோசிச்சுக்கோங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. கை தட்டறாங்க. முன்வரிசைல இருந்த பொம்பளைங்களும் சேந்து தட்டறாங்க. ரெண்டு நாளா அந்த கைதட்டல் காதுலயே இருக்கு.

சார், சட்டத்த சொல்ல வந்தீங்க, சட்டத்த சொல்லிட்டு போங்க. வாசலப் பத்தி பேச எங்க வீட்லயே பெரியப்பா சித்தப்பான்னு நெறய பேர் இருக்காங்க.

எங்கம்மாவுக்கு 86ல கல்யாணம். 1989ல தமிழ்நாட்ல பூர்வீக சொத்துல பொண்ணுக்கும் பங்குன்னு கொண்டுவந்தப்ப, அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லைன்னுட்டாங்க. 2005 செப்டம்பர் 9ல மத்திய சட்டம் மாறி அந்தத் தடையும் போச்சு. 2008ல தாத்தா காரியம் முடிஞ்ச கையோட மாமா வந்து, காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்கு ஒரு கையெழுத்து வேணும்னு அம்மாவ பத்திர ஆபீசுக்கு கூட்டிட்டு போனாரு. அம்மாவுக்கு உரிமை வந்தது மாமாவுக்கு தெரிஞ்சிருக்கு, அம்மாவுக்கு தெரியல!

பத்திரத்துல ரூபாய் பத்தாயிரம் ரொக்கமா வாங்கிக்கிட்டதா எழுதியிருக்கு. அம்மா கைக்கு வந்தது ஒரு புடவையும், பஸ் ஸ்டாண்ட் ஓட்டல்ல ஒரு செட்டு பூரியும்தான். விரல் மைய முந்தானைல தொடச்சிட்டு வந்தாங்க, அந்தக் கறை எத்தன தடவ தொவச்சும் போகல. பங்க விட்டுக்குடுக்கறேன்னு எழுதித் தர்ற அந்தப் பத்திரத்துக்கு பேரு விடுதலைப் பத்திரமாம். யாரு யாருகிட்ட இருந்து விடுதலை ஆனாங்களோ.

மாமா கெட்டவர் இல்ல, என் காதுகுத்துக்கு மடில வெச்சுக்கிட்டு எனக்கு முன்னாடி அவரு அழுதவரு. கையெழுத்துக்கு அப்புறம் ரெண்டு வருசம் செந்தூரா மாம்பழம் ஒவ்வொரு கூடை வந்துச்சு, அப்புறம் கூடையும் இல்ல, போனும் இல்ல. பங்கு கேக்காதவளுக்கும் வாசல் மூடிக்கிச்சே சார், இதுக்கு என்ன சொல்றீங்க?

இப்ப கமெண்ட்ல வருவீங்க தெரியும். சீரு செஞ்சோம், நகை போட்டோம்னு. வரதட்சணை வாங்கறது மட்டுமில்ல, குடுக்கறதும் 1961ல இருந்து குத்தம். அந்தக் குத்தத்த கணக்குல காட்டி பங்க கழிக்கிறீங்க, நல்ல கணக்கு. கடன்லயும் பங்கு எடுப்பியான்னு கேப்பீங்க, எடுப்போம், மகனுக்கு உள்ள பொறுப்பு மகளுக்கும் உண்டுன்னு அந்த 2005 சட்டத்துலயே இருக்கு. வயசானவங்கள பையன்தான பாத்துக்கறான்னு கேட்டா, அதுல நாயம் இருக்கு, ஒத்துக்கறேன், நாங்களும் பாக்கணும். ஆனா எங்க பாட்டிய கடைசி எட்டு மாசம் குளிப்பாட்டி விட்டது எங்கம்மாதான், அதுக்கு பத்திரம் எதுவும் போடல. பொய் கேஸ் போடறாங்கன்னு வர்றவங்களுக்கு பதில் சொல்ற மூட்ல நான் இல்ல.

அந்த மேடைல சொல்லியிருக்க வேண்டியது ரெண்டு நிமிசம்கூட ஆகாது. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டப்படி பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவசமா வக்கீல் குடுக்கணும், கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, இலவச சட்ட உதவிக்கு 15100க்கு போன் போடலாம். அப்பா 2005லயே உயிரோட இல்லைனாலும் பொண்ணுக்கு பங்கு உண்டுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அவ்ளோதான். இத விட்டுட்டு வாசலாம்!

இது தர்மபுரி கிருஷ்ணகிரி மண்ணு சார். அரூர் பக்கம் வாச்சாத்தி பொண்ணுங்க 1992ல அரசாங்க ஆளுங்க பண்ணின பாலியல் கொடுமைக்கு 2011 வரைக்கும் அலைஞ்சு, தர்மபுரி கோர்ட்ல குத்தம் சாட்டப்பட்ட 269 பேர்ல உயிரோட இருந்த 215 பேருக்கும் தண்டனை வாங்கினாங்க. 2023ல ஹைகோர்ட்டும் அத உறுதி பண்ணுச்சு. எதிர்ல நின்னது வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை. அந்தப் பொண்ணுங்ககிட்ட போயி யோசிச்சுக்கோங்கம்மான்னு சொல்லிப் பாருங்களேன். எங்கம்மா அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேக்க பதினேழு வருசமா பயப்படறாங்க, நீங்க மைக்க புடிச்சு இன்னும் பயமுறுத்தறீங்க.

எங்கேயோ ஆரம்பிச்சு எங்கேயோ போயிட்டேன், கோவத்துல எழுதறேன், தப்பிருந்தா சொல்லுங்க.

போடறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு படிச்சு காட்டினேன். முழுசா கேட்டாங்க. "மாமா பேர போடலல்ல?"ன்னு மட்டும் கேட்டுட்டு, அடுப்ப பாக்க எந்திரிச்சு போயிட்டாங்க.