தடைக்காலத்தில் விற்பதெல்லாம் பழைய மீனா?

‘ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை யாருமே கடலுக்குப் போகக் கூடாது, இப்போது நெல்லைச் சந்தைகளில் விற்பதெல்லாம் மாதக்கணக்கில் ஐஸில் கிடந்த மீன்’ என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

தேதிகள் சரிதான். மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால் கிழக்குக் கடற்கரையில் 61 நாள் தடை உண்டு. ஆனால் அது விசைப்படகுகளுக்கும் இழுவைப்படகுகளுக்கும்தான், நாட்டுப்படகுகளுக்கு இல்லை. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று நம் கரையோர ஊர்களில் பெரும்பாலும் இருப்பவை வள்ளங்கள் எனும் நாட்டுப்படகுகளே. சித்திரை வெயிலிலும் அந்த மக்கள் வலையோடும் தூண்டிலோடும் தொழிலுக்குப் போகிறார்கள். விடிகாலையில் கரையேறும் அவர்களுடைய மீனைப் பழையது என்று பரப்புவது வயிற்றில் அடிக்கிற வேலை.

வரத்து குறையும், விலை ஏறும், வெளியூர் ஐஸ் மீனும் வரும், அதை மறுக்கவில்லை. சந்தேகம் இருந்தால் செவுளைத் தூக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் வாங்காதீர்கள். கண் குழி விழாமல் தெளிவாக இருக்க வேண்டும். சதையை விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்பிவிட வேண்டும்.