இட்லி மாவுக் கணக்கு ஈஸ்ட்டுக்குப் பொருந்தாது

“இட்லி மாவு பொங்குவதுபோலத்தான். திரவ ஈஸ்ட்டைச் சென்னை வெயிலில் வைத்து, சூடு ஆறுமுன் மால்ட் (முளைகட்டிய பார்லி) கரைசலில் ஊற்றுங்கள்” என்று வீட்டில் பீர் காய்ச்சுவது பற்றி மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இட்லி மாவைப் புளிக்கவைப்பவை பெரும்பாலும் லாக்டிக் பாக்டீரியாக்கள். வெக்கை அவற்றுக்குப் பிடிக்கும். ஏல் வகை பீர் ஈஸ்ட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 18 முதல் 22 டிகிரிதான் உகந்தது. 35 டிகிரியைத் தாங்கும் நார்வேயின் க்வெய்க் என்ற ஈஸ்ட் விதிவிலக்கு.

மெல்போர்னில் இருந்தபோது ஒரு கோடையில் நானும் அவசரப்பட்டு 32 டிகிரியில் ஊற்றினேன். பத்து நாள் கழித்து மூடியைத் திறந்ததும் பெயிண்ட் தின்னர் வாடை முகத்தில் அடித்தது. இருபது லிட்டரும் சாக்கடைக்குத்தான் போனது.

திரவ ஈஸ்ட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். பழைய பொட்டலமென்றால் ஈஸ்ட்டைப் பெருக்கிக்கொள்ள முந்தைய நாளே ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மால்ட் பொடியைக் கரைத்து, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகு ஈஸ்ட்டைச் சேருங்கள். மே மாதச் சென்னையில் மேல்தொட்டித் தண்ணீரே சுடும். அதில் பாத்திரத்தை வைத்தால் ஆறாது, பனிக்கட்டி வேண்டும். பாத்திரம் கைக்கு ஆறியதாகத் தெரிந்தாலும் உள்ளே சூடு இருக்கும், வெப்பமானியை மட்டும் நம்புங்கள்.

இன்னொன்று: 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமமின்றி வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். நான் சொன்னது அனுமதியுள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கு.