ஆமாம், லெவல் ஜீரோவில்தான் ஓட்டுகிறேன்

நேற்று சுற்றிய அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்திருப்பீர்கள். பெயரை மறைத்துப் போட்டிருந்த அந்த 'ஓட்டத் தெரியாதவர்' நான்தான். ரீஜெனை, அதாவது வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராகிப் பேட்டரிக்குக் கரண்ட்டைத் திருப்பும் வசதியை, ஜீரோ லெவலில் வைத்து ஓட்டுகிறேன் என்று ஒரே ஒரு வரி எழுதினேன். 'கரண்ட்டை ரோட்டில் கொட்டுகிறவனுக்கு எதற்கு எலக்ட்ரிக் கார்?' என்று பதில் வந்தது. கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

ஜீரோ என்றால் ரீஜென் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை ஐயா. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டியைப் பின்னால் இழுக்காது, அவ்வளவுதான். என் காரில் பிரேக்கை மெதுவாக மிதித்தால் முதலில் மோட்டார்தான் ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைக்கும். இன்னும் அழுத்தினால்தான் பேட் டிஸ்க்கைப் பிடிக்கும். மீட்டரில் பச்சைக் கோடு ஏறுவதைத் தினமும் பார்க்கிறேன். 'எல்லாக் காரிலும் அப்படி இல்லையே' என்பீர்கள். இல்லைதான். நான் என் காரைப் பற்றித்தானே எழுதினேன்?

சரி, கொட்டுகிற கரண்ட்டுக்கே வருவோம். 1,600 கிலோ வண்டி 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 0.06 யூனிட். அதுவும் முழுதாகத் திரும்பாது. மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் சூடாக்கித் தின்றுவிடும். காலி ரோட்டில் இழுத்து இழுத்து விடுவதைவிட, வண்டியை அதன் போக்கில் உருளவிடுவதுதான் லாபம்.

நானும் ஒரு மாதம், காலை எடுத்தாலே வண்டியைப் பலமாக இழுக்கும் லெவல் மூன்றில், பிரேக்கை அதிகம் தொடாமல் ஆக்ஸிலரேட்டரிலேயே ஓட்டும் ஒற்றைப் பெடல் வீரனாகத் திரிந்தவன்தான். பின் சீட்டில் அம்மா. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருவார். ஏசி குளிர் போல என்று நினைத்தேன். ஒருநாள் "கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா" என்றார். இறங்கியதும் வாந்தி. அத்தனை நாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மீட்டரில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெரிசலிலும் இறக்கத்திலும் லெவல் மூன்று நல்லதுதான், நானே போடுவேன். இறக்கத்தில் பிரேக் சூடாகாது. ஆனால் அதையே நம்பிப் பழகிய கால், 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிய காலையில் என்ன செய்யும்? பேட்டரியில் வாங்கிக்கொள்ள இடமில்லாததால் வண்டி வழக்கம்போல் இழுக்கவில்லை. முன்னால் ஒரு பைக். நெஞ்சு ஒரு கணம் நின்றே போனது. 'மேனுவலைப் படித்திருக்க வேண்டியதுதானே' என்று இதற்கும் ஒருவர் வருவார். வரட்டும்.

அப்புறம், சிரித்தவர்கள் பட்டியலை ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதில் மூன்று பேர் என் காரில் வந்தவர்கள். அதே ஜீரோவில்தான் ஓட்டினேன். மூவரும் வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.